அற்புதத்தின் சிரிப்புக்கு விடுவிப்பு ஆணை

‘கலகல இல்லம்’ என்ற குடும்ப நகைச்சுவைத் தொடர் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடுவதாக இருந்தது. நான்காவது ஞாயிற்றுக்கிழமையோடு படுத்துவிட்டது. ஏன் படுத்தது என்று ஆராய ஒளிபரப்பு நிலையம் ஒரு குழு போட்டது. குழு எண்பத்து நான்கு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. மழை, மின்தடை, ஏற்காட்டின் பனிமூட்டம், பொதுமக்களின் ரசனைக் குறைவு என்று அதில் சகல காரணமும் உண்டு. தொடரில் சிரிப்பு வரவில்லை என்ற ஒரு காரணம் மட்டும் அச்சுப்பிழையாகக்கூட எங்கும் வரவில்லை. அறிக்கைப்படி முதல் குற்றவாளி, கொட்டச்சேட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற அற்புதம். வயது நாற்பத்து மூன்று. கைம்பெண். ஒரே மகள். குற்றம்: பணி நேரத்தில் சிரிக்கவில்லை.

1987ஆம் வருஷம், மக்கள் இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நிலையத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. எவ்வளவு சிரிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. அரை மணி நேரத்துக்கு இருபத்திரண்டு தடவை. பார்ப்பவர்கள் எந்த இடத்தில் சிரிப்பது என்று திகைக்காமல் இருக்க, பின்னாலிருந்து சிரிப்பொலி வர வேண்டும். அந்தச் சிரிப்பும் உள்நாட்டுச் சிரிப்பாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் பதிவு செய்த சிரிப்பை வாங்கினால் அந்நியச் செலாவணி கரையும்.

பொறுப்பு பாலசுப்பிரமணியத்திடம் போனது. பதினோரு வருஷம் வேளாண்மை நிகழ்ச்சியில் பூச்சிமருந்து பற்றிப் பேசியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. யார் பக்கமும் சாயாத மனிதர் என்று அதையே தகுதியாக எடுத்துக்கொண்டு, உதவி இயக்குநர் (நகைச்சுவை) என்று பலகை எழுதி மாட்டினார்கள்.

கதை எழுதி வந்தது. ஆய்வுக் குழு படித்தது. மாமியார் வரும் இடங்களை எடுத்தார்கள். மாமியார்கள் மனம் புண்படும். கடன்காரன் வரும் இடத்தை எடுத்தார்கள். அரசும் கடன் வாங்குகிறது. அப்பா தன் தலையிலேயே மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற இடம் மட்டும் மிஞ்சியது. அதிலும் பார்வைக் குறைவுள்ளோர் வருந்தக்கூடும் என்று ஓர் உறுப்பினர் எழுத, கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார்கள். முடிவில் அப்பா கண்ணாடியைத் தேடுகிறார். அது மேசைமேல் இருக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்கிறார். குடும்பம் மகிழ்கிறது. ஆறு விநாடி சிரிப்பு.

படப்பிடிப்புக்கு ஏற்காடு என்று முடிவானது. ‘இல்லறத்தின் குளிர்ச்சியைப் புலப்படுத்த’ என்று கோப்பில் இருக்கிறது. அதிகாரிகள் மே மாதம் குடும்பத்தோடு வந்து குளிர்ச்சியைப் பரிசோதித்துவிட்டுப் போனார்கள். அனுமதி செப்டம்பரில் கிடைத்தது. அதற்குள் மலை முழுக்க மழை.

எஸ்டேட் ஓரத்தில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்துக் கேமராவை நிறுத்தினார்கள். குடும்பம் முழுவதும் படத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதற்காகப் பாலசுப்பிரமணியம் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். பின்னால் எருக்குழி இருந்தது. இடுப்புவரை உள்ளே போன பிறகும் “அமைதி, படம் ஓடுது” என்று அவர் அங்கிருந்தே உத்தரவு போட்டார்.

பக்கத்துச் சரிவில் களை எடுத்துக்கொண்டிருந்த அற்புதம் அப்போதுதான் சிரித்தாள். கல்லாப்பெட்டிச் சில்லறையைத் தாம்பாளத்தில் கவிழ்த்ததுபோல ஒரு சிரிப்பு. நின்றுவிட்டது என்று நினைத்தால் ஓரத்தில் சிக்கிய நாலு காசு மறுபடி உருளும். அவளோடு களை எடுத்த அத்தாயி களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். மேஸ்திரி சிரித்தார். கேமராக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒலிப்பதிவாளர் பொன்னுவேல் காதுக்கருவியைக் கழற்றி, “சார், சிரிப்பு கிடைச்சிருச்சுங்க” என்றான். அவன் ஓமலூர்க்காரன்.

பாலசுப்பிரமணியம் குளித்துவிட்டு வந்து நியமனம் பேசினார்.

“ஏனுங்க, சிரிக்கறதுக்குச் சம்பளமுங்களா?” என்றாள் அற்புதம்.

“சம்பளம் இல்லைம்மா. மதிப்பூதியம். சம்பளம்னா அப்புறம் ஓய்வூதியம் கேப்பீங்க.”

“வேல என்னங்க?”

“சிரிக்கணும்.”

“சிரிச்சுப் போட்டு?”

“அடுத்ததுக்குச் சிரிக்கணும்.”

“கொடை, கம்பளி எல்லாம் குடுப்பீங்களா?”

“சிரிக்கறதுக்குக் குடை எதுக்கும்மா?”

“எஸ்டேட்டுல குடுக்கறாங்களே.”

குடைக்கு ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார். ஏழு பக்க ஒப்பந்தத்தில் அற்புதம் கையெழுத்துப் போட்டாள். அதில் ஒன்பதாவது விதி, பணிக்காலத்தில் ஊழியரின் சிரிப்பு முழுவதும் நிலையத்தின் உடைமை, உற்றார் உறவினருக்கு வழங்கலாகாது என்றது. பதினான்காவது விதி, இருநூற்று எண்பத்தாறு சிரிப்பைச் செலுத்திய பிறகே விடுவிப்பு என்றது. அல்லது, ஊழியர் சிரிக்க இயலாதவர் என்று உரிய குழு சான்று தர வேண்டும். இந்த இரண்டையும் அவள் படிக்கவில்லை. கொடுத்தவரும் படித்ததில்லை.

எஸ்டேட் ரைட்டர் சின்னசாமி இரண்டு மாதம் அனுப்ப ஒப்புக்கொண்டார். எஸ்டேட்டில் ஆள் கணக்கும் வீட்டுக் கணக்கும் அவர் கையில்தான்.

“போயிட்டு வா அற்புதம். ஆனா டிசம்பர் ஒண்ணாந்தேதி பழமெடுப்பு ஆரம்பம். அன்னைக்குப் பேரு கூப்புடறப்ப நீ நிக்கலீன்னா உன்ற பேரை அடிச்சுப்போடுவேன். லைன் வீடு செம்மநத்தத்துலருந்து வர்ற ஆளுக்குப் போயிரும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவக்கூடாது.”

லைன் வீடு என்றால் வரிசையாகக் கட்டிய கூலிவீடுகளில் ஒன்று. ஓர் அறை, ஒரு அடுப்படி, தகரக் கூரை. அற்புதம் கல்யாணமாகி வந்து இறங்கியது அந்த வீட்டில். புருஷன் லாசர் கண் மங்கிக் கடைசியாகப் படுத்ததும் அங்கேதான். மகள் லூர்துசெல்வி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை அந்த அடுப்படியில்தான் படித்தாள். உலகத்தில் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

“ரெண்டு மாசத்துல சிரிச்சு முடிச்சுப்போட்டு வந்தர்றனுங்க” என்றாள்.

பங்களாவில் பழைய சாமான் அறையைச் சிரிப்பறை ஆக்கியிருந்தார்கள். சில்வண்டு, காக்கை, தேவாலய மணி எதுவும் உள்ளே வராமலிருக்க ஜன்னலில் கம்பளியைத் திணித்து ஆணி அடித்தாயிற்று. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு டிவி, முகத்துக்கு நேரே ஒலிவாங்கி, சுவரில் சிவப்பு விளக்கு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. பதிவின்போது வெளியிலிருந்து பூட்டுவார்கள். விளக்கு எரிந்தால் சிரிக்க வேண்டும்.

முதல் வாரப் பதிவில் விளக்கு இருபத்திரண்டு தடவை எரிந்தது. அற்புதம் இருபத்திரண்டு தடவையும் அதை உற்றுப் பார்த்தாள்.

பாலசுப்பிரமணியம் கதவைத் திறந்து வந்தார். “ஏம்மா சிரிக்கலை?”

“சிரிப்பு வரலீங்க.”

“விளக்கு எரிஞ்சுதா இல்லையா?”

“நல்லா எரிஞ்சுதுங்க.”

“அப்புறம் என்ன?”

“வெளக்கு எரியறதுல சிரிக்க என்னங்க சார் இருக்குது?”

தேதி அறிவித்தாயிற்று. சிரிப்புக்கு விட்ட ஆறு விநாடி இடைவெளியை நீக்கத் தனி அனுமதி வேண்டும். அதனால் முதல் ஞாயிறு அப்படியே ஒளிபரப்பினார்கள். அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குடும்பம் ஆறு விநாடி அசையாமல் நின்றது. அம்மா காப்பி கொண்டுவந்தார். மறுபடி ஆறு விநாடி. சேலத்தில் டிவி பழுதென்று நினைத்துப் பலர் அதன் தலையில் தட்டினார்கள். துக்க வீட்டை இவ்வளவு இயல்பாக யாரும் காட்டியதில்லை என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் பாராட்டுக் கடிதம் போட்டார். அதைப் பாராட்டுகளின் கோப்பில் சேர்த்தார்கள்.

அற்புதத்துக்குக் குறிப்பாணை வந்தது. இருபத்திரண்டு இடங்களில் சிரிக்கத் தவறியமைக்காக அவர்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். லூர்துசெல்வி அம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதினாள்: ‘ஐயா, கண்ணாடி காணாமல் போனது எனக்கு வருத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரரும் இப்படித்தான் தடவித் தடவித் தேடுவார். கிடைத்தது தெரிந்து சந்தோஷம். இப்படிக்கு, அற்புதம்.’

விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது.

இரண்டாம் வாரம் அதிர்ஷ்டம் அடித்தது. கண்டிப்பாகச் சிரிக்க வேண்டும் என்று எச்சரிக்க வந்த பாலசுப்பிரமணியம் தாழ்வான நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். ஒலிவாங்கி ஓடிக்கொண்டிருந்தது. அற்புதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிடைத்த ஒன்றையே இருபத்திரண்டு இடத்தில் ஒட்டினார்கள். அவருடைய ‘ஐயோ அம்மா’வும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா தினசரியைப் பிரித்தால் ‘ஐயோ அம்மா’, பிள்ளை பாடம் படித்தால் ‘ஐயோ அம்மா’, உடனே ஒரு பெண்பிள்ளை சிரிப்பு. அந்த வீட்டில் தினமும் யாரை அடிக்கிறார்கள் என்று கேட்டு முப்பது கடிதம் வந்தது.

மூன்றாம் வாரம் ‘ஐயோ அம்மா’வை வெட்டச் சொன்னார்கள். வெட்டியதில் சிரிப்பெல்லாம் ஆறு விநாடி தள்ளிப்போய், அப்பா இறந்துபோன தாத்தாவின் படத்துக்கு மாலை போடும் இடத்தில் விழுந்தது. நான்காம் வாரம் இந்த ஆபத்தே வேண்டாம் என்று நகைச்சுவை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். குடும்பமே உட்கார்ந்து சிறுசேமிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசியது. பாதியில் மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரம் நின்றது. யாரும் புகார் செய்யவில்லை.

தொடரை நிறுத்தினார்கள். நடிகர்கள் பஸ் ஏறினார்கள். அற்புதம் நாளைக்கும் காலை பத்து மணிக்கு வர வேண்டும் என்றார்கள்.

“நாடகந்தான் நின்னு போச்சுங்களே?”

“தொடர் நின்னுடுச்சு. பணி நிக்கலை. உங்க கணக்குல நிறையச் சிரிப்பு பாக்கி இருக்கு.”

நவம்பர் முழுக்கப் பத்திலிருந்து ஐந்துவரை பூட்டிய அறைக்குள் அதே நான்கு வாரத்தை அற்புதத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்பா கண்ணாடி தேடினார். கண்ணாடி கிடைத்தது. விளக்கு எரிந்தது. சாயங்காலம் வெளியே விடும்போது பனி இறங்கி வழி தெரியாது. வீட்டில் மகள் ஏதாவது வேடிக்கை சொன்னால், “சும்மா இரு கண்ணு, ஊட்டுல சிரிக்கக்கூடாதாமா. அது அவங்களுதாம்” என்பாள்.

ஒருநாள் ஜன்னல் கம்பளிக்கு அந்தப்பக்கம் அத்தாயியின் குரல் கேட்டது.

“அடியே அற்புதம்! உள்ள இருக்கறயா செத்தயா? செம்மநத்தத்து ஆளு வந்து உன்ற ஊட்டு அடுப்படிய அடிக்குச்சி வெச்சு அளந்துட்டுப் போறான்டி! அவன் பொண்டாட்டி உன்ற பானை வெக்கற எடம் பத்தாதுங்கறா!”

அற்புதம் கதவைத் தட்டினாள். பாலசுப்பிரமணியம் திறந்தார்.

“என்னைய உட்ருங்க சார். ஊடு போயிருமுங்க. புள்ளைய வெச்சுக்கிட்டு எங்கீங்க போவேன்?”

“விடலாம்மா. யார் விடறதுங்கறதுதான் கேள்வி. உங்களை நியமிச்ச இயக்குநர்தான் விடுவிக்கணும். அவர் மீன்வளத் துறைக்கு மாறிட்டார். எழுதினேன். சிரிப்பு மீன்வளத்துல வராதுன்னு பதில் போட்டிருக்கார்.” பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “எனக்கே விடுவிப்பு வரலைம்மா. மூணு மாசமாச்சு ஊருக்குப் போயி.”

அவருக்குப் பங்களாவின் முன்னறையில் ஒரு கட்டில். அவர் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

பொன்னுவேல் ஒப்பந்தத்தை எடுத்துப் பதினான்காவது விதியைப் படித்துப் பார்த்தான். அந்த ஏழு பக்கத்தையும் முழுதாகப் படித்த முதல் ஆள் அவன்தான்.

“ஏனுங்க்கா, இருபத்தெட்டாந்தேதி சான்று குடுக்கற குழு மலை மேல வருது. அவங்க முன்னாடி ஒரு மணி நேரம் சிரிக்காம உக்காந்தீங்கன்னா போதும். சிரிக்க முடியாத ஆளுன்னு சான்று எழுதி அன்னைக்கே உட்டுருவாங்க. சிரிச்சீங்கன்னு வெய்யுங்க, மிச்சமும் வரும்னு இன்னும் ஆறு மாசம் உக்கார வெச்சுருவாங்க.”

“அட சாமி, ரெண்டு மாசமா சிரிக்காமத்தான உக்காந்திருக்கறேன்.”

“அது நாடகத்துக்குங்க்கா. குழு பேசி நீங்க கேட்டதில்ல.”

குழுவில் மூன்று பேர். தலைவர், நிதி ஆலோசகர், சிரிப்பை ஆராய்ந்து பட்டம் வாங்கிய ஒரு பேராசிரியர். பிரம்பு நாற்காலிகளைச் சிரிப்பறையில் வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே அற்புதம். மூலையில் பொன்னுவேலும் பதிவுக்கருவியும். முதல் கால் மணிக்குத் தொடரைப் போட்டார்கள். அதில் ஆபத்தில்லை. பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

“இந்தத் தொடர் தோல்வி என்பவர்கள் புள்ளிவிவரம் அறியாதவர்கள். பதின்மூன்றில் நான்கு வாரம்தான் ஒளிபரப்பானது. மீதி ஒன்பது வாரத்தைப் பற்றி இன்றுவரை ஒரு புகார்கூட இல்லை. ஆகவே பெரும்பான்மை வாரங்களில் தொடர் வெற்றி!”

மற்ற இருவரும் கை தட்டினார்கள். அற்புதம் முந்தானையைப் பல்லில் கடித்தாள்.

நிதி ஆலோசகர் எழுந்தார். “சிரிப்பு இனத்தில் ஒதுக்கீடு அப்படியே மிச்சம். சிரித்திருந்தால் செலவாகியிருக்கும். நகைச்சுவையில் இப்படியொரு சிக்கனத்தை என் முப்பது வருஷ சேவையில் கண்டதில்லை. அடுத்த தொடரிலும் இந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

அற்புதத்தின் வயிறு ஒருமுறை துள்ளியது. அவள் அடிக்குச்சியை நினைத்தாள். தன் அடுப்படியில் இன்னொருத்தி பானை வைப்பதை நினைத்தாள். மகளின் தகரப் பெட்டி மழையில் தெருவில் கிடப்பதை நினைத்தாள். துள்ளல் அடங்கியது.

பிறகு பேராசிரியர். “சிரிப்பு இருபத்தாறு வகை. நான் எதையும் வீட்டில் பயன்படுத்தியதில்லை. ஆராய்ச்சியின் தூய்மை கெட்டுவிடும். என் மனைவி சாட்சி. கல்யாணத்தன்று சிரித்தேன் என்று அவள் சொல்வது ஆதாரமற்றது, அது கொட்டாவி. இந்த அம்மாளுக்கு மாதிரி காட்டினால் வரலாம். கவனிக்கவும். வகை ஒன்று.” இம்மியும் அசையாத முகத்தோடு, “ஹி” என்றார். “வகை ஐந்து. ஹெ ஹெ. வகை பதினேழு, குலுங்கு சிரிப்பு. இது தோளில் தொடங்கும்.”

நாற்காலியில் உட்கார்ந்தபடி தோளைக் குலுக்கினார். இன்னும் குலுக்கினார். பிரம்பு அறுந்து நாற்காலிக்குள் போனார். முழங்கால் இரண்டும் முகவாயைத் தொட, அந்த நிலையிலிருந்தே, “இது வகை பதினேழில் சேராது” என்று விளக்கினார். ஆலோசகர் குறித்துக்கொண்டார்: நாற்காலி ஒன்று, சேதம். தலைவர், “மேலே சொல்லுங்கள்” என்றார். “வகை பதினெட்டு” என்றார் பேராசிரியர், உள்ளிருந்து.

மூலையில் பொன்னுவேல் கருவிக்குப் பின்னால் குனிந்துவிட்டான். அற்புதம் முந்தானையை வாய்க்குள் பாதிக்குமேல் திணித்திருந்தாள். உடம்பு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் இரண்டும் நிறைந்து தாரைதாரையாக வழிந்தது. ஒரு சத்தம் வரவில்லை.

தலைவர் குனிந்து பார்த்தார். “அழுகிறாரே!”

“தெளிவான அறிகுறி. நகைச்சுவையைக் கண்டால் துக்கம் உண்டாகிறது. குணப்படுத்த முடியாது” என்றார் பேராசிரியர். நாற்காலி அவரை இன்னும் விடவில்லை.

மூன்று கையெழுத்தும் விழுந்தன. பாலசுப்பிரமணியம் அதை உரக்க வாசித்தார்: ‘நிரந்தரமாகச் சிரிக்க இயலாதவர் என்று கண்டு விடுவிக்கப்படுகிறார். பிற்காலத்தில் இவர் எங்கேனும் சிரித்தது மெய்ப்பிக்கப்பட்டால், அரசை ஏய்த்தவராகக் கருதப்பட்டு, மீதிச் சிரிப்பு முழுவதையும் செலுத்தும்வரை மீண்டும் பணியில் இருத்தப்படுவார். இதை மாதந்தோறும் நேரில் சரிபார்க்கும் பொறுப்பு உதவி இயக்குநருடையது.’ கடைசி வரியில் அவர் குரல் தழைந்தது. அவர் ஊருக்குப் போக வழி அதோடு அடைபட்டது.

டிசம்பர் ஒன்றாம் தேதி சின்னசாமி பெயர் கூப்பிட்டபோது அற்புதம் வரிசையில் நின்றாள். செம்மநத்தத்து ஆள் அடிக்குச்சியோடு திரும்பிப் போனான். வீடு வீடாகவே இருந்தது. சிரிப்பறைதான் பெரிதாகிவிட்டது. எஸ்டேட், பஸ் நிறுத்தம், சேர்வராயன் கோயில் ஏற்றம் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. செடிக்குச் செடி நின்று முப்பது பெண்கள் நாளெல்லாம் மேஸ்திரியைக் கிண்டலடித்துக்கொண்டு பழம் பறிக்க, அற்புதம் மட்டும் முந்தானையைக் கடித்துக்கொண்டு பறித்தாள். அவள் சிரித்தாள் என்று யாரோ ஒருத்தி வாய்தவறி வெளியே சொன்னாலும் போச்சு.

மாதக் கடைசியில் பாலசுப்பிரமணியம் வந்தார். கூடப் பொன்னுவேல், தோளில் கருவியோடு. காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்று படிவத்தைப் பிரித்தார்.

“இந்த அம்மா இந்த மாசம் சிரிக்கலைன்னு ரெண்டு சாட்சி வேணும். அவங்களும் மாசம் முழுக்கச் சிரிக்காதவங்களா இருக்கணும். சிரிச்சவங்க சாட்சி செல்லாது.”

அத்தாயி கூடையை இறக்கி வைத்தாள். “ஏனுங் சார், முப்பது நாளும் சிரிக்காத ரெண்டு பொம்பளைங்களா?”

“ஆமா.”

“உங்க ஊட்டுல இருப்பாங்க, கூட்டியாங்க சார்.”

முப்பது பேரும் சிரித்தார்கள். அற்புதத்துக்கு முந்தானையை எடுக்க நேரமில்லை. செடிக்குள் தலையை விட்டாள். மூன்று மாதச் சிரிப்பும் ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. கருவியில் பொன்னுவேல் ஏற்கெனவே பொத்தானை அழுத்தியிருந்தான். அது அவன் வேலை.

“இதுல அவங்க சிரிப்பு இருக்கா?” என்றார் பாலசுப்பிரமணியம்.

பொன்னுவேல் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இலைகளைப் பார்த்தான். “முப்பது பேருங்க சார். பிரிக்க முடியாது. எல்லாம் ஓயட்டும், கடைசியா கேக்கறது யாரு சிரிப்புன்னு வேணும்னா பாருங்க.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பாலசுப்பிரமணியம் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

கீழ்வரிசையில் சிரிப்பு ஓய்ந்தது. நடுவரிசையில் ஒவ்வொருத்தியாக மூச்சு வாங்கிக் கண்ணைத் துடைத்தார்கள். செடிக்குள்ளிருந்து சில்லறை மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. இலைகள் ஆடின. அத்தாயி அந்தச் செடியைப் பார்த்தாள். அடங்கிப்போன தன் சிரிப்பை மறுபடி எடுத்தாள். பக்கத்துச் செடிக்காரிக்கு விலாவில் ஓர் இடி. அவள் எடுத்தாள். அவளுக்கு அடுத்தவள் எடுத்தாள். மலைச்சரிவு முழுக்க மறுபடி நிறைந்தது. அதில் வேடிக்கை எதுவும் இல்லை. மேஸ்திரி கத்தினார். சின்னசாமி ஓடி வந்தார். பழம் பறிக்காமல் செடியிலேயே கிடந்தது. ஒருத்திக்கு இருமல் வந்தது, இருமிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, செடிக்குள் இருப்பவளுக்கு முடிகிறவரைக்கும் அவர்கள் விடவில்லை.